தொடாமலே பெருகிய திறன்: கடலடித் தொலைபேசி வடங்களும் கரை நிலையங்களும்

கண்டங்களுக்கு இடையே நாள்தோறும் செல்லும் பேச்சு, எழுத்து, படம் ஆகியவற்றில் மிகப் பெரும்பகுதி கடலடி வடங்களின் வழியாகவே செல்கிறது என்பதும், செயற்கைக்கோள்கள் சுமப்பது அதில் சிறு பங்கே என்பதும் இன்று பரவலாக அறியப்பட்ட செய்திகள். ஆயினும் அவ்வடங்களைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகள் பெரும்பாலும் கப்பல்களின் வரலாறுகளாக, எந்த ஆண்டில் எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு வடம் போடப்பட்டது என்ற வரிசைகளாக அமைந்துவிட்டன. கடலில் இறங்கிவிட்ட வடம் ஒன்றின் திறன், அதன்பின் அதை யாரும் தொடாத நிலையிலும், இருமடங்காகவும் பன்மடங்காகவும் எவ்வாறு பெருகியது என்ற கேள்விக்கு அவற்றில் இடம் குறைவு. அந்தக் கேள்வியே இச்சொற்பொழிவின் பொருள்.

பொறியாளர்கள் ஒரு கடலடி வட அமைப்பை ஈரப்பகுதி, உலர்பகுதி என இரண்டாகப் பிரித்துப் பேசுவர். கடலின் தரையில் கிடக்கும் வடமும், வழியில் மெலிந்துபோகும் குறிப்புகளுக்கு மீண்டும் வலுவூட்ட அதில் இடையிடையே பொருத்தப்பட்டிருக்கும் ரிப்பீட்டர் எனப்படும் பெருக்கிகளும் ஈரப்பகுதி. இரு கரைகளிலும் உள்ள நிலையங்களில் குறிப்புகளை ஏற்றி இறக்கும் கருவிகள் உலர்பகுதி. ஈரப்பகுதியைத் திருத்த வேண்டுமானால் கப்பலை அனுப்பி, பல ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து வடத்தைக் கொக்கியிட்டுத் தூக்கி, வெட்டி, மீண்டும் இணைத்து இறக்க வேண்டும். அது பழுதுபார்க்கச் செய்யத்தக்க வேலையேயன்றித் திறனைக் கூட்டுவதற்காகச் செய்யத்தக்க வேலையன்று. உலர்பகுதியை எந்த நாளிலும் மாற்றலாம். ஆகவே கடலுக்குள் இறங்கும் கருவி, தன் வழியே எதிர்காலத்தில் என்ன செல்லலாம் என்பதை எந்த அளவுக்கு முன்கூட்டியே முடிவு செய்யாமல் விடுகிறதோ, அந்த அளவுக்கே பின்வருவோர் கரையில் இருந்தபடி அதன் திறனைப் பெருக்க முடியும் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

தொலைபேசிக்கு முந்தைய தந்தி வடங்களிலேயே இதன் தொடக்கத்தைக் காணலாம். நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றிக் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலால் ஆன காப்பு, அதற்கு வெளியே உப்புநீர் என அமைந்த வடம், உண்மையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மின்தேக்கியாகும். ஒரு முனையில் கொடுக்கப்படும் கூர்மையான மின்துடிப்பு, அந்த மின்தேக்கியை நிரப்பிக்கொண்டே செல்வதால், மறுமுனையில் மெல்ல எழுந்து மெல்ல அடங்கும் ஓர் அலையாகவே வெளிப்படும். இந்தத் தாமதம் வடத்தின் நீளத்தின் இருமடிக்கேற்பக் கூடும் என்பதை, பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1850-களின் நடுவில் கணக்கிட்டுக் காட்டினார். அதாவது நீளம் இருமடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும். 1858-இல் அட்லாண்டிக்கின் குறுக்கே போடப்பட்ட முதல் வடத்தில் விக்டோரியா அரசி அனுப்பிய 98 சொற்கள் கொண்ட வாழ்த்து மறுகரையை அடைய ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. அவ்வடத்தின் மின்பொறுப்பில் இருந்த ஒயிட்ஹவுஸ், அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும் என்று நம்பி ஏறத்தாழ 2,000 வோல்ட் வரை செலுத்தினார். ஏற்கெனவே குறைபாடுகளுடன் இருந்த காப்பு அதைத் தாங்காமல் வடம் சில வாரங்களில் செயலிழந்தது. தாம்சன் சென்ற வழி நேர்மாறானது. வடத்தை வருத்தாமல், வந்து சேரும் மிக மெல்லிய மின்னோட்டத்தையும் படிக்கவல்ல ஆடிக் கால்வனோமீட்டரைக் கரையில் வைத்தார். மயிரிழை போன்ற பட்டுநூலில் தொங்கும் சிறு ஆடி அசையும்போது, அதிலிருந்து தெறிக்கும் ஒளிப்புள்ளி அளவுகோலின் மேல் இடமும் வலமும் நகர்வதை எழுத்தர் பார்த்துப் படித்தார். 1870-களில், ஒரே கம்பியில் இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் இரட்டைத் தந்தி முறை கடலடி வடங்களுக்கு வந்தபோதும், மாற்றம் முழுவதும் கரையிலேயே நிகழ்ந்தது: கடலில் கிடக்கும் வடத்தின் மின்பண்புகளை அப்படியே ஒத்த ஒரு போலி வடம் நிலையத்துக்குள் அமைக்கப்பட்டு, அதன் துணையால், தான் அனுப்பும் குறிப்பு தன்னுடைய வாங்கியைத் தொடாதபடி சமன் செய்யப்பட்டது. கடலில் ஒரு கம்பியும் கூடவில்லை. செய்திகளின் அளவோ ஏறத்தாழ இருமடங்கானது.

பேச்சைக் கடலடியில் கொண்டுசெல்வது தந்தியைவிடப் பன்மடங்கு கடினமானது. தந்தித் துடிப்புகள் நொடிக்குச் சில எண்ணிக்கையில் சென்றாலே போதும்; மனிதக் குரல் புரிய வேண்டுமாயின் நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,000 வரையிலான அதிர்வுகள் சிதையாமல் போய்ச் சேர வேண்டும். அதிர்வெண் உயர உயர வடத்தில் ஏற்படும் இழப்பும் உயர்வதால், பெருக்கிகள் இல்லாமல் பெருங்கடலைக் கடப்பது கனவாகவே இருந்தது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே 1927 ஜனவரியில் தொலைபேசித் தொடர்பு தொடங்கியபோது அது வானொலி அலைகளின் வழியாகவே நடந்தது. மூன்று நிமிடப் பேச்சுக்கு 75 டாலர் கட்டணம். அதற்கும் வானிலையும் கதிரவனின் சீற்றமும் இடங்கொடுக்க வேண்டும். 1920-களின் இறுதியில் பெல் ஆய்வகம், பெருக்கிகள் இன்றி ஒரே ஓர் உரையாடலை மட்டும் தாங்கும் அட்லாண்டிக் வடம் ஒன்றைத் திட்டமிட்டுப் பொருளாதாரப் பெருமந்தத்தில் அதைக் கைவிட்டது. கடல் தரையில் நெடுங்காலம் உழைக்கவல்ல பெருக்கிகளைக் கொண்ட வடமே தீர்வு என்பதை, அவ்வாய்வகத்தின் தலைவர் ஆலிவர் பக்லி 1942-இல் லண்டன் மின்பொறியாளர் கழகத்தின் கெல்வின் சொற்பொழிவில் விரிவாக எடுத்துரைத்தார். மறு ஆண்டிலேயே பிரிட்டிஷ் அஞ்சல் துறை ஐரியக் கடலில் ஒரு ரிப்பீட்டரை மூழ்கடித்துக் காட்டியது; 1950-இல் அமெரிக்காவின் கீ வெஸ்டுக்கும் ஹவானாவுக்கும் இடையே பெல் ஆய்வகத்தின் ரிப்பீட்டர்கள் ஆழ்கடலில் சோதிக்கப்பட்டன.

இவற்றின் பயனாக 1956 செப்டம்பர் 25 அன்று திறக்கப்பட்டதே டாட்-1 எனப்படும் முதல் அட்லாண்டிக் தொலைபேசி வடம். ஸ்காட்லாந்தின் ஓபன் நகரிலிருந்து நியூஃபவுண்ட்லாந்தின் கிளாரன்வில் வரை ஏறத்தாழ 3,600 கிலோமீட்டர் நீளத்துக்கு, போவதற்கு ஒன்றும் வருவதற்கு ஒன்றுமாக இரண்டு வடங்களை மோனார்க் என்ற கப்பல் 1955, 1956 ஆகிய இரு கோடைகளில் இறக்கியது. ஒவ்வொரு வடத்திலும் ஏறத்தாழ 70 கிலோமீட்டருக்கு ஒன்றாக 51 ரிப்பீட்டர்கள் இருந்தன. அவ்வமைப்பு சுமந்தது 36 உரையாடல்களே. இன்றைய கண்ணுக்கு அந்த எண் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அந்த 36 குரல்களுக்காகச் செய்யப்பட்ட வேலையின் அளவை அறிந்தவர்கள் அதைச் சிறிதென்று சொல்லத் துணியமாட்டார்கள்.

வடத்தின் உச்ச அதிர்வெண்ணில், ஒரு ரிப்பீட்டரிலிருந்து அடுத்ததை அடைவதற்குள் குறிப்பின் வலிமை 60 டெசிபலுக்கு மேல் குறைந்துவிடும். அதாவது புறப்பட்ட ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவே போய்ச் சேரும். முழு வடத்துக்கும் இதைக் கூட்டினால் இழப்பு 3,000 டெசிபலைத் தாண்டும். ஒன்றை எழுதி அதன்பின் 300 சுழிகளை இட்டால் கிடைக்கும் எண்ணால் வகுத்ததற்கு அது ஒப்பு. அந்த இழப்பு முழுவதையும் 51 கருவிகள் ஈடுகட்ட வேண்டும். அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றின் சிறு பிழை அடுத்ததில் கூடிக்கொண்டே போகும் வரிசையில். ஒவ்வொரு ரிப்பீட்டரிலும் மூன்று வெற்றிட வால்வுகள் இருந்தன. இரு வடங்களுக்குமாக 306 வால்வுகள். ஒரே வடத்தில் தொடராக இணைந்த அவற்றில் ஒன்று அணைந்தாலும் பெருங்கடலுக்கு அப்பால் பேச்சு நின்றுபோகும். அவை நான்கு கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 400 மடங்கு அழுத்தத்தில், குறைந்தது 20 ஆண்டுகள் ஓயாமல் எரிய வேண்டும் என்பது விதிக்கப்பட்ட இலக்கு.

டிரான்சிஸ்டர் 1947-இல் அதே பெல் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டிருந்தது. டாட்-1 வடிவமைக்கப்பட்டபோது அது உலகெங்கும் பேசப்பட்ட புதுமை. ஆயினும் வடிவமைப்பாளர்கள் அதைத் தொடவில்லை. ஆண்டுக்கணக்கில் சோதனைக்கூடத்தில் எரியவிடப்பட்டு, எந்த வேகத்தில் தேயும் என்பது தெரிந்துவிட்ட பழைய வகை வால்வையே தேர்ந்தனர். அதன் மின்முனைகளுக்கு இடையில் மற்ற வால்வுகளைவிட அதிக இடைவெளி விட்டனர். கிடைக்கக்கூடிய பெருக்கத்தில் ஒரு பகுதியை நம்பகத்துக்காக விட்டுக்கொடுத்தனர். நியூஜெர்சியின் ஹில்சைடில் தூசியில்லா அறைகளில் இணைக்கப்பட்ட அந்தக் கருவிகள், கப்பலின் உருளையில் வடத்தோடு வடமாக வளைந்து செல்லும்படி எஃகு வளையங்களால் ஆன நெகிழும் உறைக்குள் அடைக்கப்பட்டன. தன் கண்டுபிடிப்பையே ஒதுக்கிவைத்த இந்த நிதானம் பொறியியல் வரலாற்றில் மிகவும் போற்றத்தக்கது. 1978-இல் அவ்வடம் ஓய்வு பெறும்வரை 22 ஆண்டுகள் அந்த வால்வுகள் உழைத்தது அதற்கான சான்று.

இனி, இச்சொற்பொழிவின் மையமான பகுதிக்கு வரலாம். திறந்த சில ஆண்டுகளிலேயே 36 தடங்கள் போதாமற்போயின. புதிய வடத்துக்கு ஆண்டுகளும் பெரும்பணமும் தேவை. கடலில் கிடப்பதை மாற்ற இயலாது. எனவே கரையில் இரண்டு வழிகள் கண்டறியப்பட்டன.

முதல் வழி, குரலுக்கு ஒதுக்கிய இடத்தைச் சுருக்குவது. டாட்-1 வடத்தின் ஒவ்வொரு திசையிலும் 144 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள அதிர்வெண் பட்டை இருந்தது. அதில் ஒரு குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் வீதம் 36 குரல்கள் அடுக்கப்பட்டிருந்தன. அண்டைத் தடங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் பிரிக்கும் வடிகட்டிகள் மிகக் கூர்மையாகச் செய்யப்பட்டால் ஒரு குரலுக்கு 3 கிலோஹெர்ட்ஸே போதும் என்ற முறையைப் பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர்கள் உருவாக்கினர். 48 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு தொகுதியில் 12-க்குப் பதில் 16 குரல்கள் அமர்ந்தன; மூன்று தொகுதிகளுக்குமாக 36 என்பது 48 ஆனது. குரலின் மேல்விளிம்பில் சிறிது தெளிவு குறைந்தது. பேச்சின் பொருளுக்கு அதனால் குறைவு வரவில்லை.

இரண்டாம் வழி இன்னும் நுட்பமானது. பேச்சு நேர ஒதுக்கீட்டு இடைச்செருகல் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் அது டாசி எனப்பட்டது. 1960-இல் டாட்-1 வடத்தில் பணிக்கு வந்தது. உரையாடும் இருவரில் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பார். பேசுபவரும் சொற்றொடர்களுக்கு இடையில் நிறுத்துவார், யோசிப்பார், மூச்சு வாங்குவார். போகும் திசைக்கும் வரும் திசைக்கும் தனித்தனி வடங்கள் இருந்ததால், ஒவ்வொரு திசையிலும் ஒருவருக்கென ஒதுக்கிய தடத்தில் குரல் உண்மையில் செல்லும் நேரம் மொத்தத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதில்லை என்று அளந்தறிந்தனர். எஞ்சிய நேரமெல்லாம், பெரும் செலவில் போடப்பட்ட வடம் அமைதியைச் சுமந்துகொண்டிருந்தது. டாசி கருவி ஒவ்வொருவரின் இணைப்பையும் இடைவிடாமல் உற்றுக்கேட்டது. ஒருவர் வாய்திறந்த சில மில்லிநொடிகளுக்குள் அவருக்கு ஒரு வெற்றுத் தடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. இந்தத் தடத்தில் வருவது இன்னார் குரல் என்பதை ஒரு குறுந்தொனியால் மறுகரைக்கு அறிவித்து, அங்குள்ள கருவி அக்குரலை உரிய செவியில் சேர்க்கச் செய்தது. அவர் நிறுத்தினால் தடத்தை உடனே பிடுங்கிவிடவும் இல்லை. வேறொருவருக்குத் தேவைப்படும்வரை அது அவரிடமே விடப்பட்டது. ஒரே உரையாடலுக்குள் ஒருவரின் குரல் பல தடங்கள் மாறிப் பயணம் செய்தது. பேசியவர்கள் அதை உணரவில்லை. 36 தடங்களில் 72 உரையாடல்கள் நடந்தன.

இது ஏன் இயல்கிறது என்பதற்கு நிகழ்தகவுக் கணக்கு விடை தருகிறது. எட்டுப் பேருக்கு நான்கு தடங்கள் மட்டும் இருப்பதாகக் கொண்டால், ஒவ்வொருவரும் 40 விழுக்காட்டு நேரம் பேசுவதாக வைத்துக்கொண்டால், நால்வருக்கு மேல் ஒரே நொடியில் பேசும் வாய்ப்பு நூற்றுக்கு 17 ஆகும். சொற்கள் அடிக்கடி அறுபடும், அம்முறை பயன்படாது. அதே இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் 72 பேருக்கு 36 தடங்கள் இருந்தால், 36 பேருக்கு மேல் ஒரே நொடியில் பேசும் வாய்ப்பு நூற்றுக்கு 3 என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அப்போதும் ஓரிருவரின் சொல்லின் தொடக்கம் மட்டுமே வெட்டுப்படும். கூட்டம் பெரிதாகப் பெரிதாக அதன் சராசரி நிலைபெறுகிறது என்ற கணிதவியல் உண்மை, கடலில் ஒரு முழம் வடமும் கூட்டாமல் இன்னோர் அட்லாண்டிக் வடத்துக்கு ஒப்பான பயனைத் தந்தது. கடலுக்குள் வால்வுகளையே வைத்த அதே ஆய்வகம், டாசி கருவியை ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்களைக் கொண்டு கட்டியது என்பதும் கருதத்தக்கது. கரையில் பழுதான பாகத்தை அன்றே மாற்றலாம் என்பதால் புதுமையைச் சோதிக்கும் துணிவு அங்கே தகும்.

இவ்விரு வழிகளும் இயன்றதற்குக் காரணம் கடலில் கிடந்த ரிப்பீட்டரின் எளிமையே. தன் பட்டைக்குள் வந்த எதையும், அது குரலா தந்தியா, 4 கிலோஹெர்ட்ஸா 3 கிலோஹெர்ட்ஸா என்று பாராமல், அது பெருக்கி அனுப்பியது. 1963-இல் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே அமைக்கப்பட்ட நேரடித் தந்தி இணைப்பும் அவ்வடத்தின் வழியாகவே சென்றது.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் ஓரச்சு (கோஆக்சியல்) வடங்களைப் பற்றி இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 1963-இன் டாட்-3 ஒரே வடத்தில் இரு திசைகளையும் அடக்கியது. 1970-இன் டாட்-5, நம்பகம் உறுதிப்பட்ட டிரான்சிஸ்டரை ஒருவழியாகக் கடலுக்குள் இறக்கி 845 தடங்களைத் தந்தது. 1976-இன் டாட்-6 தடங்களின் எண்ணிக்கையை 4,000 ஆக்கியது. சென்னையிலிருந்து பினாங்குக்கு 1980-களின் தொடக்கத்தில் வந்த தொலைபேசி வடமும் இந்த ஓரச்சு மரபைச் சேர்ந்ததே. சென்னையைப் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்த தந்தி வடங்கள் அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, 1870-களின் தொடக்கத்தில் போடப்பட்டுவிட்டன.

கண்ணாடி இழையில் ஒளியைச் செலுத்தித் தொலைத்தொடர்பு நடத்தலாம், கண்ணாடியின் மாசை நீக்குவதே தேவை என்று சார்லஸ் காவும் ஜார்ஜ் ஹாக்காமும் 1966-இல் காட்டிய பாதையில், 1988 டிசம்பரில் முதல் அட்லாண்டிக் ஒளியிழை வடமான டாட்-8 பணிக்கு வந்தது. ஓர் இழையிணையில் நொடிக்கு 28 கோடி பிட்டுகள் சென்றன. குரலுக்கு 64,000 பிட் வீதம் இரண்டு இணைகளுக்குமாக 7,560 தடங்கள் கிடைத்தன. டாசியின் வழித்தோன்றலான கருவி இங்கும் கரையில் காத்திருந்தது: குரலுக்கான பிட்டுகளைப் பாதியாகச் சுருக்கி, பேச்சின் இடைவெளிகளில் பிறர் பேச்சைச் செருகி, அந்த எண்ணிக்கையை ஏறத்தாழ ஐந்து மடங்காக்கியதால் அவ்வடம் 40,000 உரையாடல்களின் வடம் என்று பெயர்பெற்றது.

எனினும் ஒரு வகையில் டாட்-8, டாட்-1-ஐவிடப் பின்தங்கியது என்றே சொல்ல வேண்டும். அதன் ரிப்பீட்டர்கள் வெறும் பெருக்கிகள் அல்ல. வந்த ஒளியை மின்துடிப்பாக மாற்றி, அது ஒன்றா சுழியா என்று படித்து, புதிய ஒளித்துடிப்பாக மீண்டும் எழுதி அனுப்பிய மீட்டுருவாக்கிகள். வழியில் சேர்ந்த இரைச்சல் ஒவ்வோர் இடத்திலும் துடைக்கப்பட்டது என்பது அதன் சிறப்பு. ஆனால் படிப்பதற்கு ஒரு வேகம் வேண்டும். அந்த வேகம் கருவி தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளிலேயே முடிவாகிவிட்டது. கரையில் எத்தகைய அறிவு வந்து சேர்ந்தாலும், நொடிக்கு 28 கோடி என்ற அந்த எண்ணை அது அசைக்க முடியாது. அவ்வடம் 14 ஆண்டுகளில், 2002-இல், ஓய்வு பெற்றது.

இந்தப் பூட்டைத் திறந்தது எர்பியம் என்ற அருமண் தனிமம். கண்ணாடி இழையில் சிறிதளவு எர்பியம் கலந்து, அதற்கு ஒரு துணை லேசரால் ஆற்றல் ஊட்டிவைத்தால், 1,550 நானோமீட்டரை ஒட்டிய ஒளி அவ்வழியே செல்லும்போது, கிளர்ந்திருக்கும் எர்பியம் அணுக்கள் தூண்டு உமிழ்வால் அதே போன்ற ஒளியைச் சேர்த்து அதை வலுப்படுத்துகின்றன. 1987-இல் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவினரும், பெல் ஆய்வகத்தில் இம்மானுவேல் தேசுர்வீரும் இதை மெய்ப்பித்தனர். ஒளி மின்னாக மாறவே இல்லை. எந்த வேகத்தில் வந்தாலும், எந்த வடிவில் வந்தாலும், ஏறத்தாழ 35 நானோமீட்டர் அகலப் பட்டைக்குள் எத்தனை அலைநீளங்கள் ஒன்றாக வந்தாலும், எல்லாம் ஒருசேரப் பெருக்கப்பட்டன. 1956-இன் வால்வுப் பெருக்கியிடம் இருந்த பெருந்தன்மை, ஒளியின் உலகில் மீண்டும் கிடைத்தது. 1990-களின் நடுவில் பணிக்கு வந்த டாட்-12/13 இதைக் கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்த முதல் வடம். ஓர் இணையில் நொடிக்கு 500 கோடி பிட்டுகளுடன் தொடங்கிய அதில், பின்னர் கூடுதல் அலைநீளங்களும் ஏற்றப்பட்டன.

2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் தொலைவுக்குப் போடப்பட்ட ஐ2ஐ வடம் இம்முறைக்குத் தெளிவான சான்றாகும். எட்டு இழையிணைகள், இணைக்கு 105 அலைநீளங்கள், ஒவ்வோர் அலைநீளத்திலும் நொடிக்கு 1,000 கோடி பிட்டுகள், பெருக்கினால் நொடிக்கு 8.4 டெராபிட் என்ற அதன் வடிவமைப்புத் திறன் கிடைக்கிறது. ஒரு டெராபிட் என்பது ஒரு லட்சம் கோடி பிட்டுகள். இத்தகைய வடங்களில் முதல் நாளிலேயே எல்லா அலைநீளங்களுக்கும் ஒளியேற்றுவதில்லை. தேவை எழும்போது கரை நிலையத்தில் ஒரு லேசர் அட்டையைக் கூடுதலாகச் செருகுவதே திறனைக் கூட்டும் வேலையாகிவிட்டது. கப்பல் வேண்டாம், கடல் வேண்டாம். அடுக்குச் சட்டத்தில் ஓர் இடம் போதும்.

இதைவிடப் பெரிய பாய்ச்சல் 2010-ஐ ஒட்டி நிகழ்ந்தது. அதுவரை ஒளி இருந்தால் ஒன்று, இல்லையேல் சுழி என்ற எளிய மொழியே பெரும்பாலும் இழைகளில் பேசப்பட்டது. ஓரியல் முறை எனப்படும் புதிய முறையில், வாங்கும் நிலையத்தில் ஒரு லேசர் வைக்கப்பட்டு, வந்த ஒளியை அதோடு கலந்து பார்ப்பதால், ஒளியின் வலிமை மட்டுமன்றி அதன் அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும், எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதும் அளக்கப்படுகின்றன. நான்கு கட்டங்கள் இரண்டு பிட்டுகளைத் தரும். செங்குத்தான இரு தளங்கள் அதை இருமடங்காக்கும். ஆக ஒரு துடிப்புக்கு நான்கு பிட்டுகள். அதோடு, இழையின் நெடுவழியில் ஒளித்துடிப்புகள் பரவி ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும் நிறப்பிரிகை என்ற பழைய நோயும் சில்லுக்குள் நடக்கும் கணக்கால் குணமானது. ஒளியின் அலைவடிவம் முழுவதும் எண்களாகக் கையில் கிடைத்துவிட்டதால், வழியில் நேர்ந்த சிதைவை அப்படியே திருப்பிக் கணக்கிட்டு நீக்கிவிட முடிகிறது. நொடிக்கு 1,000 கோடி பிட்டுகளைச் சுமந்த அலைநீளங்களின் இடத்தில் 10,000 கோடி பிட்டுகள் அமர்ந்தன. இந்தக் கணக்கைச் செய்யும் சில்லைக் கனவிலும் எண்ணாத காலத்தில் போடப்பட்ட வடங்களுக்கும் அது பொருந்தியது என்பதே வியப்பு. அன்றைய பெருக்கிகள் இந்தப் புதிய மொழியை அறியவில்லை. அறிய வேண்டிய தேவையும் அவற்றுக்கு இருக்கவில்லை.

இவ்வளர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு என்பதைக் கிளாட் ஷானன் 1948-லேயே வகுத்துவைத்தார். இரைச்சல் உள்ள ஒரு வழியில் பிழையின்றி அனுப்பத்தக்க பிட்டுகளின் அளவு, பட்டையின் அகலத்துக்கு நேர்விகிதத்திலும், குறிப்புக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தோடு ஒன்றைக் கூட்டியதன் மடக்கைக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். மடக்கை என்பது கஞ்சத்தனமான வளர்ச்சி. விகிதம் பெரிதாக இருக்கும் நிலையில் ஒரு பிட்டைக் கூட்ட ஆற்றலை இருமடங்காக்க வேண்டும். அப்படிக் கூட்டிக்கொண்டே போனால் ஒளியின் வலிமையே கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை மாற்றி, குறிப்பு தன்னைத்தானே குலைத்துக்கொள்ளும். இன்றைய சிறந்த கருவிகள் இந்த எல்லைக்கு மிக அருகில் வந்துவிட்டன. கரையில் இருந்தபடி பெருக்கும் வேலை முதன்முறையாகச் சுவரை முட்டுகிறது.

அத்துடன், கடலுக்குள் ஆற்றலுக்கே பஞ்சம். நடுக்கடலில் மின்நிலையம் கிடையாது. பெருக்கிகளுக்கான மின்சாரம் முழுவதும் இரு கரைகளிலிருந்தும், ஒன்றில் நேர்மின்னாகவும் மற்றதில் எதிர்மின்னாகவும், வடத்துக்குள் இருக்கும் ஒரே உலோகக் கடத்தியின் வழியே செலுத்தப்படுகிறது. டாட்-1 காலத்தில் ஏறத்தாழ 2,000 வோல்ட்டாக இருந்த அழுத்தம் இன்று ஒரு முனைக்கு 15,000 வோல்ட்டை எட்டிவிட்டது. காப்பின் தாங்குதிறன் அதற்கு மேல் எளிதில் இடங்கொடுப்பதில்லை.

இருக்கும் ஆற்றலைப் பகிரும் விதத்தை மாற்றுவதே இதற்குக் கண்ட வழி. ஓர் இழையிணையில் குறிப்பு இரைச்சலைப்போல் 15 மடங்கு இருப்பதாகக் கொண்டால், ஷானன் கணக்குப்படி அலகுப் பட்டைக்கு 4 பிட்டுகள் செல்லும். அதே ஆற்றலை இரண்டு இணைகளுக்குப் பாதிப் பாதியாகப் பிரித்தால், விகிதம் 7.5 ஆகக் குறைந்தாலும், இரண்டிலுமாக 6 பிட்டுகளுக்குச் சற்று மேல் செல்லும். நான்கு இணைகளுக்குப் பிரித்தால் மொத்தம் ஏறத்தாழ 9 பிட்டுகள். ஒரே வயலில் நீரைத் தேக்குவதைவிட அதே நீரைப் பல வயல்களுக்குப் பாய்ச்சினால் மொத்த விளைச்சல் கூடுவதைப் போன்றது இது. இடப்பகிர்வு முறை எனப்படும் இந்த அணுகுமுறையில், துணை லேசர்களைப் பல இழையிணைகள் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வோர் இழையும் முன்பைவிட மெலிந்த ஒளியைச் சுமக்கிறது. எட்டு இணைகளுடன் 2017-இல் முடிந்த மரேயா வடத்தின் வடிவமைப்புத் திறன் நொடிக்கு 160 டெராபிட்டாக இருக்க, இம்முறையில் 12 இணைகளுடன் அமெரிக்காவின் வர்ஜீனியா பீச்சிலிருந்து பிரான்சின் மேற்குக் கரைக்கு அமைந்த துனான் வடத்தின் திறன் 250 டெராபிட்டாக உயர்ந்தது.

இதனால் வடிவமைப்பின் பொறுப்பு மீண்டும் ஈரப்பகுதியை நோக்கித் திரும்பியிருக்கிறது. எத்தனை இணைகள் என்பதைக் கப்பல் புறப்படுமுன் முடிவு செய்தாக வேண்டும். அதைக் கரையிலிருந்து பின்னர் கூட்ட வழியில்லை. ஆகவே இனி வடம் போடுவோர், அன்றைய தேவைக்கு வேண்டிய இணைகளை மட்டும் எண்ணாமல், வடத்தின் தடிமனும் மின்னூட்டமும் தாங்கும் எல்லை வரை இழைகளை வைத்து, அவற்றுக்கு உரிய காலத்தில் ஒளியேற்றும் உரிமையைப் பின்வருவோருக்கு விட்டுவைப்பதே முறையாகும். வடத்தின் தடிமனைக் கூட்டாமல் இழைகளைப் பெருக்க, ஒரே இழைக்குள் இரண்டு ஒளிப்பாதைகளை அமைக்கும் முறையும் ஆய்வகத்தைவிட்டு வெளிவந்துவிட்டது. தைவானையும் பிலிப்பைன்சையும் அமெரிக்காவோடு இணைக்கும் வடத்தில் அத்தகைய இரட்டைக்கரு இழை பயன்படுத்தப்படும் என 2023-இல் அறிவிக்கப்பட்டது. ஒரு கருவின் ஒளி மற்றதில் கசியாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் காப்பதும், இரு கருக்களையும் ஒவ்வொரு பெருக்கியிலும் தனித்தனியே பிரித்து மீண்டும் சேர்ப்பதும் அம்முறையில் இப்போது தீர்க்கப்பட்டுவரும் பணிகள்.